ஐந்து பத்திரங்களில் ஒரு கல்யாணம்

புதிதாக உரிமம் வாங்கி நம் வரிசையில் மேஜை போட்டிருக்கும் நீங்கள், ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டீர்கள். கிரயமும் அடமானமும் நீங்கள் என்னைவிட வேகமாக லேப்டாப்பில் தட்டிவிடுகிறீர்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் நெய்வேலிப் பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதினேன். நான் எழுதியதிலேயே மோசமான பத்திரமும், எழுதியதிலேயே நல்ல பத்திரமும் அதே இரண்டு பேருக்காக எழுதியவை. அந்தக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் வேகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெயந்தி எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். டவுன்ஷிப் சாலைகள் உங்களுக்குத் தெரியுமே, ஷிப்ட் மாறும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அகலமாகக் காலியாகக் கிடக்கும். அங்கேதான் பெண்களுக்கு வண்டி ஓட்டப் பழக்கினாள். ஐம்பது வயதில் நான் போய் நின்றபோது, "ரைட்டரம்மா, ஊருக்கெல்லாம் சொத்து எழுதறீங்க, ஒரு வண்டிக்குப் பயப்படறீங்களே" என்று சிரித்தாள். சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். இங்கே தமிழரசியோடு ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தாள். தமிழரசி நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட். கன்வேயர் கன்ட்ரோல் ரூமில் வேலை. காடாம்புலியூர்ப் பக்கத்துப் பெண். அதிகம் பேச மாட்டாள், பேசினால் இரண்டாம் முறை சொல்ல மாட்டாள். பிளாக்கில் எல்லோரும் அவர்களை அக்கா தங்கச்சி என்றார்கள். அவர்களும் மறுத்ததில்லை. எனக்கு உண்மை தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஒரு வீட்டுக்குப் பத்து முறை போய்க் காபி குடித்தால் தெரிந்துவிடும்.

ஒருநாள் இருவரும் என் மேஜைக்கு வந்தார்கள். அதற்கு முந்தின வாரம் தமிழரசிக்குக் காய்ச்சல் என்று ஒரு கிளினிக்கில் ஊசி போட்டிருக்கிறார்கள். அந்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்ததே பெரிய பாடு. அந்த நேரத்தில் ஜெயந்தியிடம், நீங்கள் யார், உறவு என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கையெழுத்து போடற உரிமை இவளுக்கு இருக்கணும். அப்படி ஒரு பேப்பர் எழுதுங்க" என்றாள் தமிழரசி.

நான் எழுதினேன். 'என் உடன்பிறந்த தங்கையான ஜெயந்தி' என்று எழுதினேன்.

தமிழரசி அந்த வரியில் விரலை வைத்தாள். "உடன்பிறந்தன்னு போடணுமா?"

"வேற என்ன போட்டாலும் கேள்வி கேப்பாங்க. தங்கச்சின்னா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. யாரு வந்து சரிபாக்கப் போறா?"

நோட்டரி முத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு பூரிப்புகூட. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பெருமைப்பட்டேன்.

இரண்டு வருடம் போனது. ஒரு காலை பத்தரை மணி, கூட்டமான முகூர்த்த நாள், என் மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஜெயந்தியிடமிருந்து போன். சாலையில் மாட்டுக்கு ஒதுங்கிய லாரி தமிழரசியின் வண்டியை இடித்துவிட்டது. பண்ருட்டி போகும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். தொடை எலும்பு உடைந்து, நினைவில்லாமல் கிடக்கிறாள், உடனே ஆபரேஷன்.

"ரைட்டரம்மா, என்னை வெளிய தள்ளிட்டாங்க. அவ தம்பி வந்துட்டான். நீங்க எழுதின பேப்பரக் காட்டினேன். எங்கப்பனுக்கு நாங்க ரெண்டே பேரு, இது பொய்ப் பேப்பருன்னு சொல்லிட்டான். நான் சொல்றத ஒருத்தரும் கேக்கல. அந்த ஊசி, ரைட்டரம்மா! அந்த ஊசி அவளுக்கு ஆகாதுன்னு அவனுக்குத் தெரியாது!"

அதுவரை டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டி நான் வண்டி ஓட்டியதில்லை. அன்றைக்கு நெடுஞ்சாலையில் ஓட்டினேன். பஸ் பின்னால் வந்து ஹாரன் அடிக்கிறது, முந்திரி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று குறுக்கே வருகிறது, என் முந்தானை காற்றில் பறக்கிறது. 'கண்ணாடியப் பாருங்க, பிரேக்க மெதுவா' என்று ஜெயந்தி பின்னால் உட்கார்ந்து சொல்வதுபோலவே இருந்தது. எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள்.

கேட்டுக்கு வெளியே ஜெயந்தி நின்றிருந்தாள். அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். காவலாளி தடுத்தார். "நான் பத்திரம் எழுதறவ, டாக்டர்கிட்ட ஒரு விஷயம் ஒப்புக்கணும்" என்றேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, விட்டுவிட்டார்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே டாக்டர் நின்று, தம்பி பழனிவேலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பழனிவேல் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். ஊரில் கொஞ்சம் முந்திரித் தோப்பு. சுரங்கத்துக்குக் குடும்பத்து நிலம் போனதற்கு வந்த ஒரே வேலை மூத்தவள் என்று அக்காவுக்குப் போயிற்று. அந்த ஆதங்கம் அவருக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் கெட்டவராக நிற்கவில்லை. அக்காவின் உயிருக்குப் பயந்து நின்றார்.

"டாக்டர், அந்தப் பேப்பர எழுதினவ நான். அதுல 'உடன்பிறந்த தங்கை'ன்னு இருக்கிற வார்த்தை பொய். தெரிஞ்சேதான் எழுதினேன்" என்றேன்.

உரிமம் போகலாம், போலீஸ்கூட வரலாம். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இவங்க யாரு?"

இங்கேதான் நான் ஒரு விநாடி தடுமாறினேன். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பழனிவேல் நிற்கிறார், அவர் கூட வந்த சொந்தக்காரர்கள் நான்கு பேர் நிற்கிறார்கள். நான் சொன்னால் காரியம் வேகமாக முடியும். ஆனால் பதினாறு வருடமாக அவர்கள் பொத்தி வைத்த விஷயத்தைப் போட்டு உடைக்க நான் யார்? ஏற்கெனவே ஒருமுறை அவர்களுக்காக ஒரு வார்த்தையை நான் தேர்ந்தெடுத்து எழுதியதில்தான் இவ்வளவும். வாயை மூடிக்கொண்டு ஜெயந்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் அவளும் பதினாறு வருஷமா குடும்பம் நடத்தறோம் டாக்டர். புருஷன் பொண்டாட்டி எப்படியோ அப்படி. கையெழுத்து அவ தம்பியே போடட்டும், எனக்கு வேணாம். இந்த ஊசிய மட்டும் போட்டுடாதீங்க."

போனை நீட்டினாள். கிளினிக் சீட்டைப் படமெடுத்து வைத்திருந்தாள். மருந்தின் பேர், தேதி, என்ன ஆயிற்று என்பதெல்லாம் அதில் இருந்தது. டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். அடுத்த நொடி போனோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வெளியே வந்து போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா. மருந்து எடுத்து வெச்சாச்சு. இப்ப மாத்திட்டாங்க" என்றாள்.

ஜெயந்தி அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். பழனிவேல் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் வெகுநேரம் நின்றார்.

தமிழரசி பிழைத்தாள். காலில் கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. குளிப்பாட்டுவது முதல் எல்லாம் ஜெயந்திதான். வண்டி வகுப்பையே மூடிவிட்டாள். பழனிவேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். முதலில் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச நாள் கழித்து, ஜெயந்தி கொடுத்த டீயைக் குடித்தார். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தில்லியில் அந்த வழக்கின் தீர்ப்பு வந்தது. ஒரே பாலினத்தவர் கல்யாணத்தைச் சட்டம் ஏற்குமா என்று நாடே பேசிக்கொண்டிருந்தது. நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மூன்று பேரும் ஒரு போனை நடுவில் வைத்துக் கேட்டோம். சேர்ந்து வாழலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் கல்யாணம் என்று பதிய இன்றைய சட்டத்தில் இடமில்லை, அதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். ஜெயந்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் துலக்கும் சத்தம் வேண்டுமென்றே பலமாகக் கேட்டது.

தமிழரசி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரைட்டரம்மா, கல்யாணம்ங்கிறதுக்கு உள்ள என்னதான் இருக்குது? பிரிச்சிச் சொல்லுங்க."

என் கல்யாணத்தை நினைத்துப் பார்த்தேன். அதைச் சொல்கிறேன், நீங்கள் என்னைவிட வயதில் சின்னவர் என்றாலும் மறைக்கப் போவதில்லை. என் கணவரும் மைன்ஸில்தான் இருந்தார். கடைசிப் பதினொரு வருடம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீடு, தனித்தனி அறை. அவருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியாது. அவர் இறந்த அன்று ஆஸ்பத்திரியில் என்னிடம் மறு கேள்வி கேட்கவில்லை. "மனைவியா? இங்க கையெழுத்து போடுங்க" என்றார்கள், உடம்பைக் கொடுத்தார்கள். குடும்பப் பென்ஷன் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவகாசம் கொடுத்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து அழ முதல் இடம் எனக்குத்தான் விட்டார்கள். முறைப்படிதான் எல்லாம் நடந்தது, எனக்கு வர வேண்டியதுதான் வந்தது. ஆனால் அவ்வளவும் ஒரு காலை நேரத்தில் முப்பது வருடத்துக்கு முன்னால் கழுத்தில் ஏறிய கயிற்றுக்கு வந்தது. பதினாறு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட இந்த இரண்டு பேருக்கு ஒரு வராண்டாவில் நிற்க உரிமை இல்லை.

இதை அவளிடம் அப்படியே சொன்னேன். ஜெயந்தி ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதை ஒவ்வொண்ணா எடுத்து எழுதுங்க. எது எது எழுத முடியுமோ அது" என்றாள் தமிழரசி.

அந்த மூன்று நாள் என் தொழில் வாழ்க்கையில் நான் அனுபவித்ததுபோல் வேறெதையும் அனுபவித்ததில்லை. எத்தனை ஆயிரம் பத்திரம் எழுதியிருப்பேன், எல்லாம் பழைய பத்திரத்தைப் பார்த்துப் பேரையும் சர்வே எண்ணையும் மாற்றுவதுதானே! இதற்கு முன்மாதிரியே கிடையாது. கடலூரில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்து, சந்தேகம் கேட்டுக் கேட்டு அவர் உயிரை எடுத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வரி தோன்றும், எழுந்து ஓடுவேன்.

கடைசியில் ஐந்து பத்திரம் வந்தது. காடாம்புலியூர் போகும் வழியில் தமிழரசி தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் பாதியை ஜெயந்திக்கு எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் ஒன்று. இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் உயில் இரண்டு. நினைவில்லாமல் கிடந்தால் யாரைக் கேட்டு வைத்தியம் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் பத்திரம், ஆளுக்கொன்றாக இரண்டு. அந்த ஐந்திலும் உறவு என்று வரும் இடத்தை நான் காலியாக விட்டு எடுத்துப் போனேன்.

"இத நான் எழுத மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றேன்.

ஜெயந்தி தமிழரசியைப் பார்த்தாள். தமிழரசி சொன்னாள்: "வாழ்க்கைத் துணை."

"தங்கச்சின்னா செட்டில்மென்ட்டுக்குச் சலுகை உண்டு. இப்படின்னா முழுக் கட்டணம்."

"கட்டறேன். எழுதுங்க."

எழுத முடியாததையும் சொல்லிவிட்டேன். குடும்பப் பென்ஷனை எந்தப் பத்திரத்திலும் எழுத முடியாது. கணவன் மனைவி என்ற சொல்லை எழுத முடியாது. ஐந்து பத்திரமும் சேர்ந்தாலும் கல்யாணத்தில் ஒரு பங்குதான். சட்டம் மாறும் அன்றைக்கு இந்த ஐந்தையும் கிழித்துப் போடுங்கள் என்றேன். ஜெயந்தி, "மொதல்ல எழுதுங்க, கிழிக்கறத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

பதிவு நாள். தமிழரசி ஊன்றுகோலோடு வந்தாள். இருவரும் பட்டுப்புடவை. நான் சொல்லவே இல்லை, அவர்களாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பழனிவேல்தான் காரில் அழைத்து வந்திருந்தார். வண்டி ஓட்ட வந்தவர், அவ்வளவுதான்.

இளைஞர் ஒருவர்தான் சார்பதிவாளர். செட்டில்மென்ட்டைப் படித்துக்கொண்டே வந்தவர் நின்றார். "வாழ்க்கைத் துணைன்னு போட்டிருக்கீங்க. இது சட்டத்துல இருக்குங்களா?"

"கல்யாணம் ஆச்சுன்னு எங்கயும் சொல்லலீங்க சார். கணவர்னோ மனைவின்னோ எழுதல. ரெண்டு பேரும் ஒண்ணா வாழறாங்க, அது நடக்கிற உண்மை. தன் சொத்த யாருக்கு வேணா எழுதிக் கொடுக்கலாம். கட்டணமும் முழுசா கட்டியிருக்கு."

"கம்ப்யூட்டர்ல இந்த உறவு இல்லையேம்மா."

"கடைசியில 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க சார்."

அவர் திரையில் தேடினார். அரை நிமிடம் ஆயிற்று. "இருக்கு" என்றார். பிறகு தலை நிமிர்ந்து, "சாட்சிங்க ரெண்டு பேரையும் கூப்பிடுங்க" என்றார்.

ஒரு சாட்சி ஜெயந்தியிடம் வண்டி பழகிய ஒரு டீச்சர். வந்துவிட்டார். இன்னொருவர் வருவதாகச் சொன்னவர் போனை எடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் அடுத்த டோக்கன்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கதவோரம் பழனிவேல் நின்றிருந்தார்.

"தம்பி, சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். ஆதார் வெச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்க" என்று உள்ளே வந்தார்.

இப்போது கவனியுங்கள். கல்யாணம் ஆகாத பெண் எதுவும் எழுதி வைக்காமல் போனால், பெற்றவர்களும் இல்லாத நிலையில், சொத்து உடன்பிறந்தவன் வழிக்குத்தான் போகும். நாளைக்குத் தமிழரசியின் உயிலை எதிர்த்து வழக்குப் போடக்கூடிய ஒரே ஆள் பழனிவேல். அவரே அதில் சாட்சி என்றால் அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. உயில் செட்டில்மென்ட்டுக்கு அடியில்தான் இருந்தது. பக்கத்தைப் புரட்டி, 'இங்க, இங்க' என்று விரல் வைத்தால் போட்டுவிட்டுப் போவார். படிக்க மாட்டார். நம்மில் எத்தனை பேர் எத்தனை முறை அப்படி வாங்கியிருக்கிறோம்!

என் விரல் பக்கத்தின் நுனியில் இருந்தது. ஒருமுறை சாமர்த்தியம் பண்ணி அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தினேன் என்று நினைத்தேன். உயிலைத் தனியே எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"தம்பி, மேல இருக்கிறது பாதி வீடு எழுதிக் கொடுக்கிற பத்திரம். இது உங்க அக்காவோட உயில். மிச்சத்தையும் இவங்களுக்கே எழுதறாங்க. இதுல நீங்க கையெழுத்து போட்டா, நாளைக்கு எனக்குத் தெரியாம எழுதிட்டாங்கன்னு நீங்க கோர்ட்டுக்குப் போக முடியாது. தெரிஞ்சுகிட்டு போடுங்க. வேணாம்னா வேற ஆளப் பாத்துக்கறோம்."

தமிழரசி என்னை முறைத்தாள். ஜெயந்தி தரையைப் பார்த்தாள். பழனிவேல் வெளியே போய்விட்டார்.

"அடுத்த டோக்கனக் கூப்பிடட்டுமாம்மா?" என்றார் சார்பதிவாளர்.

"அஞ்சு நிமிஷம் சார். அஞ்சே நிமிஷம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் காரின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். கிளம்பிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். பிறகு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். நேராக ஜெயந்தியின் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கு இந்த விசயம் இன்னும் புரியலீங்க. பொய் சொல்ல மாட்டேன். வூட்ல கேட்டா என்னா சொல்றதுன்னும் தெரியல. ஆனா அன்னிக்கி ஆஸ்பத்திரியில டாக்டரு, எந்த மருந்து ஆவாதுன்னு என்னத்தான் கேட்டாரு. எங்கக்காளுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் ஒத்துக்கும்னு நாந்தான் சொன்னேன். அதையே நெனச்சிக்கினு கெடக்கறேன் இத்தினி நாளா."

ஜெயந்தி அவர் கையை ஒருமுறை தொட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பிப் பேனாவை வாங்கினார். செட்டில்மென்ட்டில் இரண்டு இடத்தில் போட்டார். நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பையன் எழுதுவதுபோல் முழுப் பெயரையும் எழுதினார். நான் பேனாவுக்குக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. மேஜை ஓரத்தில் கிடந்த உயிலைத் தானே இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

"இதுல எங்கங்க?" என்றார்.